கால்வாய்ச் சேற்றில் வந்த தராசு

என் மகளின் விலை அன்றைக்கு ஒரு படி அரிசி. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பொய் சொன்னால் எனக்கு நாலு காசு பார்க்கத் தெரியும். இதில் வந்ததெல்லாம் நஷ்டம்தான். முழுசாக நம்பாவிட்டால் பேரம் பேசுங்கள். பாதியாவது நம்பிவிட்டுப் போங்கள்.

மயிலாப்பூரில் பக்கிங்ஹாம் கால்வாய் ஓரம் எனக்கு அரிசி மண்டி. தொண்ணூற்று நான்கில் பறக்கும் ரயிலுக்காகக் கால்வாயில் தூண் இறக்கினார்கள். தோண்டிய சேற்றோடு ஒரு இரும்புத் தராசு மேலே வந்தது. சிறுபிள்ளை உட்காரும் அளவுக்குத் தட்டுகள். தண்டில் இங்கிலீஷ் எழுத்து. மேஸ்திரி கருணாகரன் நானூறு சொன்னான். நான் மூக்கைச் சுளித்தேன். நூற்றிருபதுக்குத் தள்ளிவிட்டுப் போனான்.

துடைத்து எண்ணெய் போட்டேன். முள் மயிரிழை பிசகாமல் நடுவில் நின்றது. கடை உத்தரத்தில் மாட்டினேன். வெள்ளைக்காரன் தராசு என்றால் எடையைப் பற்றி எவனும் வாயைத் திறக்க மாட்டான் என்று கணக்கு.

நொச்சிக்குப்பத்திலிருந்து மீன் விற்க வரும் கோவிந்தம்மா வாயைத் திறந்தாள்.

"இன்னா நைனா, காவாயில கெடந்தத கடையில மாட்டிக்கினு கீற?"

"உன் மீனு மட்டும் மாடியில கெடந்துதா?"

அவள் சிரிக்கவில்லை. "எனக்கு உன் பழைய தராசுல போடு," என்றாள்.

நவம்பர் மாதம். நல்ல மழை. சாயங்காலம் ஆறு பத்துக்குக் கரண்ட் போனது. கடையில் நானும் என் ஐந்து வயது மகள் ஹம்சினியும்தான். மெழுகுவர்த்தி ஏற்றித் திரும்பினேன்.

அவள் தராசுத் தட்டில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

அந்தத் தட்டு என் தலைக்கு மேலே இருந்தது.

எதிர்த்தட்டு தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதில் ஒன்றுமில்லை.

"இறங்குடா ஹம்சி."

"முடியலப்பா. காலைப் பிடிச்சிருக்காங்க."

தொங்கிக்கொண்டு இழுத்தேன். தட்டு அசையவில்லை. சங்கிலி ஐஸ்கட்டி போல இருந்தது.

"யாருடா?"

"நெறைய பேரு. பசிக்குதாம். ரயில் வர்றதுக்குள்ள குடுத்துடணுமாம்."

அப்போது அங்கே ரயில் கிடையாது. தண்டவாளமே போடவில்லை...

படியை எடுத்தேன். மூட்டையிலிருந்து அள்ளி, காலித் தட்டில் கொட்டினேன். எங்கள் தொழிலில் முதல் படியை 'ஒன்று' என்று சொல்லக் கூடாது. சொன்னால் என் அப்பா முதுகில் அடி வைப்பார். "லாபம்" என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். வாய் தானாகச் சொன்னது.

"லாபம்."

அரிசி தட்டில் விழுந்தது. இல்லாமல் போனது.

நற... நற... பச்சை அரிசியை மெல்லும் சத்தம்.

ஹம்சினி இன்னும் ஒரு சாண் மேலே போனாள்.

"ரெண்டு. மூணு..." பயத்தில் எண்ணிக்கை தவறும். மறுபடி "லாபம்" என்று தொடங்குவேன். ஒவ்வொரு "லாபத்துக்கும்" அவள் ஒரு சாண் உயர்ந்தாள். மூன்று மூட்டை காலி. அவள் தலை உத்தரத்தில் முட்டியது.

"அப்பா... வலிக்குது."

நற... நற...

"அவங்க அழறாங்கப்பா. லாபம்னா அவங்களை எண்ணாத மாதிரியாம். ஒண்ணுன்னு சொல்லணுமாம்."

ஒரு படி அள்ளினேன்.

"ஒண்ணு."

சத்தம் நின்றது.

தட்டு மெல்ல இறங்கியது. அவளை வாரி எடுத்தேன். கரண்ட் வந்தது. தரையில் ஒரு மணி அரிசி இல்லை.

மறுநாள் தராசைக் கழற்றும்போது, ரயில்வேயில் ஓய்வு பெற்ற பத்ரிநாராயணன் மாமா வந்தார். எல்லாம் சொன்னேன். கண்ணாடியை ஏற்றித் தண்டில் இருந்த வருஷத்தைப் படித்தார்: ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தேழு.

"அந்த வருஷத்துப் பஞ்சத்துலதான்டா இந்தக் காவாயை வெட்டினா. பட்டினியா ஓடி வந்தவாளை விட்டு. கூலியா ஏதோ ஒரு ராத்தல் தானியம் நிறுத்துப் போடுவா."

"ரயில் வர்றதுக்குள்ளன்னு சொன்னாங்களே மாமா?"

"இரும்பெல்லாம் இங்கிலாந்துலேர்ந்து வந்தது. தராசு, தண்டவாளம், எல்லாம். அங்கே ஆலை ஓடணும், ஆலைக்காரன் சாப்பிடணும். ரயில் வந்தா பஞ்சம் தீரும்னா. இவா சாகறச்சே ஊர் ஊரா இருந்த தானியத்தை வாரிண்டு துறைமுகத்துக்குப் போனதே அந்த ரயில்தான்."

"எத்தனை பேர் மாமா?"

"யார் எண்ணினா?"

தராசைக் கால்வாயிலேயே போட்டேன். தினமும் காலையில் ஒரு படி அரிசியைத் தண்ணீரில் கொட்டி, "ஒண்ணு" என்கிறேன். "ரெண்டு" என்று தொடர்ந்தால் எதில் முடியும் என்று தெரியாது; சொல்ல இதுவரை தைரியம் வரவில்லை.

தொண்ணூற்றேழில் தலைக்கு மேலே ரயில் ஓட ஆரம்பித்தது. அதன் சத்தம் கேட்டால் ஹம்சினி சாப்பாட்டுத் தட்டைக் கையால் மூடிக்கொள்கிறாள். இப்போது அவளுக்கு ஒன்பது வயது. உயரம் மட்டும் வளர்கிறது. ராயப்பேட்டையில் இரண்டு டாக்டர், அடையாற்றில் ஒருவர், யாருக்கும் காரணம் தெரியவில்லை. அந்த மழைக்கு முந்தைய வாரம் பள்ளிக்கூடத்தில் எடுத்த எடை பதினாறு கிலோ. நேற்று எடுத்ததும் பதினாறு.

கொடுத்தது: மூன்று மூட்டை, நாலு வருஷமாகத் தினம் ஒரு படி. அவர்கள் வரவு வைத்துக்கொண்டது: ஒன்று. பாக்கி எத்தனை என்று சொல்ல ஆளில்லை.