வவுத்துக்கு ஒண்ணு, காதுக்கு ஒண்ணு

"பள்ளம் கீதுப்பா, மெதுவா! கண்ணு இன்னா பொடனியிலயா கீது?" என்று வண்டிக்காரர் கோதண்டத்தைத் திட்டிக்கொண்டே கல்மண்டபத்திலிருந்து மாதா கோயில் ஹால் வரை மீன்பாடி வண்டியோடு நடந்து வருகிறார் ஸ்டானிஸ்லாஸ். வண்டியில் இரண்டு ஆம்ப்ளிஃபயர் பெட்டிகள். ஒன்று அரிசி மூட்டை பருமன், இன்னொன்று அதில் பாதி. பேஸ் கிட்டார் மட்டும் அவர் தோளில்.

துறைமுகத்தில் கிரேன் ஃபிட்டர் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் பாஸ்கலின் கல்யாண பேண்டில் பேஸ் வாசிப்பார். பாடுகிறவனுக்குக் கைதட்டல், டிரம்ஸ்காரனுக்கு விசில், இவரைப் பார்த்து மட்டும், "அந்த ஆளு இன்னா பண்றாரு?" என்று கேட்பார்கள். அது காதில் விழுந்துவிட்டால் போச்சு, அன்றைக்கு மனைவி எல்சி வைத்த மீன் குழம்பிலும் ஆயிரம் குற்றம் சொல்வார்.

ஒரு பெட்டி போதாதா என்று அவரிடம் கேட்டுவிடக் கூடாது. "வவுத்துக்கு ஒண்ணு, காதுக்கு ஒண்ணு" என்று எரிந்து விழுவார். பெரிய பெட்டியின் சத்தம் அடிவயிற்றில் வந்து இடிக்கும், ஆனால் எந்த சுரம் என்று தெரியாது. சின்னதில் விரல் படுவதுகூடத் தெளிவாகக் கேட்கும், ஆனால் கனம் கிடையாது. கிட்டார் ஒயரை நடுவில் இரண்டாகப் பிரித்து இரண்டு பெட்டிக்கும் கொடுப்பது அவராகவே யோசித்துச் செய்த ஏற்பாடு. அதைப் பார்த்துச் சிரிக்காத ஆள் ராயபுரத்தில் குறைவு.

இந்த எழுபத்துமூன்றாம் வருடம், ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு, ஒரு கல்யாண வரவேற்பு. பெரிய பெட்டியில் ஸ்பீக்கர் ஒயர் விட்டுப்போயிருந்ததை மைக் செட் லூர்து அந்த வாரம்தான் பற்றவைத்துக் கொடுத்திருந்தான். சாயங்காலம் ஆட்கள் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தபோது ஸ்டானிஸ்லாஸ் இரண்டு பெட்டியையும் போட்டு வாசித்துப் பார்த்தார். கொசு பறக்கிற மாதிரி ஏதோ கேட்டது. ஆர்கன் முன்னால் இருந்த பாஸ்கல் எழுந்து வந்து சின்னப் பெட்டியை அணைத்தான். உடனே சத்தம் திம்மென்று வந்தது. நாற்காலி போடுகிறவர்களெல்லாம் சிரித்தார்கள்.

"பாத்தியா மாமு? ரெண்டு போட்டா கம்மி, ஒண்ணு போட்டா ஜாஸ்தி! சும்மா பேஜார் பண்ணிகினு. இன்னிலேர்ந்து நீ வாணாம். பேஸையும் நான் ஆர்கன்லயே பாத்துக்கறேன்."

பத்து வருடமாக உடன் வாசிக்கிறவரை, ஊர் பார்க்க, ஒரே பேச்சில் தூக்கி எறிந்துவிட்டான். யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது?

ஸ்டானிஸ்லாஸின் கழுத்து நரம்பு புடைத்தது. இரண்டு பெட்டியின் முன்துணியையும் கழற்றினார். யாரோ வைத்திருந்த டார்ச்சைப் பிடுங்கி, ஒரு செல்லை எடுத்து, சின்னப் பெட்டியின் ஸ்பீக்கர் ஒயரில் தொட்டார். காகிதக் கூம்பு முன்னால் வந்தது. பெரியதில் அதே மாதிரி தொட்டார். கூம்பு உள்ளே போனது. ஒன்று காற்றைத் தள்ள, இன்னொன்று அதே காற்றை இழுத்திருக்கிறது; பேஸ் நடுவிலேயே செத்துப்போயிருக்கிறது. லூர்து பெரிய பெட்டியின் ப்ளஸ், மைனஸ் ஒயரை மாற்றிப் பற்றவைத்திருந்தான்.

"டேய் கய்தே! கைய வச்சது நீ, மானம் போறது எனக்கா?"

"ரெண்டும் ஒரே கலர் ஒயருண்ணா... நான் இன்னாத்தக் கண்டேன்" என்று லூர்து நழுவினான்.

ஸ்டானிஸ்லாஸ் ஒயரை இடம் மாற்றி முறுக்கினார். பாஸ்கல் எதுவுமே நடக்காதது மாதிரி வந்து முதுகில் தட்டினான். "இம்மாந்தானா? அத்த மொதல்லியே பாத்துருக்கக் கூடாதா? சரி வா மாமு, பொண்ணு மாப்ள வந்துட்டாங்க. ஆரம்பிக்கலாம்."

ஒரு 'சாரி' கிடையாது. போ என்று சொன்ன வாயாலேயே வா என்கிறான்.

"என்னிய எதுக்குக் கூப்டுற?" என்றார் ஸ்டானிஸ்லாஸ். "நீயே ஆர்கன்ல பாத்துக்கறேன்னியே, நைனா."

"அது ஏதோ கோவத்துல..."

ஸ்டானிஸ்லாஸ் இரண்டு பெட்டியையும் போட்டார். பாஸ்கலின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையைப் பெரிய பெட்டியின் பலகைமேல் அழுத்தினார். "இத்த உன் ஆர்கன்ல கொண்டா பாக்கலாம்" என்றார். வாசலில் மணமக்கள் மாலையோடு நின்றார்கள். ஹாலே திரும்பிப் பார்த்தது. கிட்டாரின் தடித்த கம்பியை எங்கும் அழுத்தாமல் வெறுமனே சுண்டினாலும் பேசும். அதற்கு ஒரு கை போதும். வலது கையால் சுண்டினார். ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. பாஸ்கல் கையை உருவப் பார்த்தான். ஸ்டானிஸ்லாஸ் விடாமல் பிடித்துக்கொண்டு, இன்னொரு முறை சுண்டினார்.