நாற்பத்தொன்றாம் பக்கத்தில் செத்த தளபதி

எங்கள் ரயில் பெட்டியில் ஒரு சட்டம் இருந்தது. கடலூர் முதுநகரில் ஏறுகிறவர்கள் பரங்கிப்பேட்டை வரும்வரை கதையைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. பரங்கிப்பேட்டையில் மச்சான் ஏறி, உட்கார்ந்து, வண்டி வெள்ளாற்றுப் பாலத்தைத் தொட்ட பிறகுதான் பேச்சு. அதற்கப்புறம் கிள்ளை, சிதம்பரம், அவ்வளவுதான். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகக் கழுதை வயசான மூன்று பேர் ஆலப்பாக்கம், புதுச்சத்திரமெல்லாம் தாண்டி ஊமையாக உட்கார்ந்து வருவோம். சட்டம் போட்டதும் மச்சான்தான். தான் இல்லாமல் ஒரு வார்த்தை பேசிவிட்டால் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

மச்சான் என்றால் நாங்கள் ஒருத்தரையொருத்தர் கூப்பிடுகிற உறவு. அவர் பரங்கிப்பேட்டைக்காரர், சிதம்பரத்தில் பையும் குடையும் விற்கிற கடை. வெள்ளிக்கிழமை தொழுகையை விடாதவர். நான் திருவந்திபுரம் பெருமாளுக்கு வருஷா வருஷம் மொட்டை போடுகிற குடும்பம், சிதம்பரத்தில் ஓர் அரசு ஆபீசில் கிளார்க். கூட ஒரு பேங்க் கேஷியர், காலேஜ் ஆபீசில் வேலை பார்க்கும் ஓர் அம்மா. நாலு பேரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தது ஒரு மாயாஜால நாவல் தொடர். பேசும் கிணறு, பறக்கும் பாம்பு, ஏழு தீவுக்கு ஒரு ராணி. பேரப்பிள்ளை எடுக்கிற வயசில் இதையெல்லாம் படிக்கலாமா என்று என் வீட்டுக்காரி கேட்பாள். நியாயமான கேள்விதான், ஆனால் பதில் கிடையாது.

மூன்றாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் தளபதி மார்பில் அம்போடு பள்ளத்தாக்கு ஆற்றில் விழுந்தார். செத்துவிட்டார் என்றேன் நான். "பொணத்த பாத்தியா?" என்றார் மச்சான். அன்று தொடங்கிய சண்டை இரண்டு வருஷம் ஓடியது. முகத்தில் துணி கட்டிய ஒரு படகோட்டி அதே பாகத்தில் ஒரு அத்தியாயத்தில் வந்து போவான். அவன்தான் தளபதி என்பது மச்சானின் கட்சி. அம்பு விழுவதற்கு முந்தின அத்தியாயத்திலேயே வந்த படகோட்டி எப்படித் தளபதியாக முடியும் என்று நான் கேட்டால், "அதாம்ல ட்விஸ்ட்டு" என்பார். இந்த ஒரு பதிலை வைத்துக்கொண்டு மனுஷன் என்னை இரண்டு வருஷம் வதைத்தார். அவரை மடக்க முதல் பாகத்திலிருந்து பக்க நம்பரோடு குறிப்பெடுத்துக்கொண்டு போவேன். ஆபீஸ் பைலுக்குக்கூட அப்படி எடுத்ததில்லை.

நாலாம் பாகம் ஒரு சனிக்கிழமை கூரியரில் வந்தது. எப்போதும் இரண்டு பிரதி நான்தான் வரவழைப்பேன், அவருடையதைத் திங்கள்கிழமை ரயிலில் கொடுப்பேன். மதியம் சாப்பிட்டுவிட்டு எடுத்தேன். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் மீனவர்கள் வலையில் தளபதியின் பிணத்தை இழுத்துக் கரையில் போட்டார்கள். விரல் மோதிரத்தை வைத்து அடையாளம் கண்டு எரித்தும் விட்டார்கள். நான் கூடத்தில் தனியாக உட்கார்ந்து கெக்கெக்கே என்று சிரித்தேன். ஞாயிறு முழுக்க, பாலத்தின் மேல் அதை எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன்.

திங்கள்கிழமை பரங்கிப்பேட்டையில் மச்சான் ஏறவில்லை. வண்டி பாலத்தில் போகும்போது அவர் வீட்டம்மாவிடமிருந்து போன் வந்தது.

"அண்ணே, நேத்து கடையில நெஞ்ச புடிச்சிகிட்டு உக்காந்துட்டாரு. சிதம்பரத்துல ஆஸ்பத்திரியில வச்சிருக்கோம். மூணு எடத்துல அடைப்பாம். ஒடனே ஆப்பரேஷன்னு டாக்டரு சொல்றாரு, இவரு கையெழுத்து போட மாட்டேங்கறாரு."

ஏன் என்று கேட்டேன்.

"தளபதி இருக்காரா இல்லியான்னு தெரிஞ்சிகிட்டுதான் நெஞ்சுல கத்தி வைக்க விடுவாராம். தளபதி பொழச்சா இவரும் பொழப்பாராம். அல்லாஹ் மேல பாரத்த போடுங்கன்னா, தளபதி மேல போடறாரு அண்ணே. புத்தகம் ஒங்ககிட்டதான் இருக்குன்னாரு. எடுத்துகிட்டு வாங்க, நான் வேற என்னத்த செய்வேன்."

அந்தப் புத்தகம் என் மடியில் பையோடு இருந்தது. ஐம்பத்தைந்து வயசு ஆள், இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்தவர், அறிவு வேண்டாமா? எனக்கு வந்த கோபத்துக்கு அவர் அந்த நேரம் எதிரில் இருந்திருந்தால் நானே நாலு சாத்து சாத்தியிருப்பேன்.

சாயங்காலம்தான் பார்க்க விடுவார்களாம், ஆபீஸ் விட்டதும் மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்கு எதிர் டீக்கடையில் கூடினோம். நாற்பத்தொன்றாம் பக்கத்தை மற்ற இரண்டு பேரிடமும் சொன்னேன். புத்தகத்தைக் கொடுக்கக் கூடாது, தளபதி உயிரோடு இருக்கிறார் என்று பொய் சொல்லிவிடலாம் என்பதில் தகராறு இல்லை. என்ன பொய் என்பதில்தான் வந்தது. படகோட்டியே தளபதி என்று சொல்லிவிடலாம் என்றார் கேஷியர்.

"அது லாஜிக்கே இல்ல சார்," என்றார் காலேஜ் அம்மா. "ரொம்ப ஈசியா இருந்தா அவரு நம்ப மாட்டாரு. ஒரு கை போயி, குகையில கெடக்கறாருன்னு சொல்லலாம்."

"கை போனா ரெண்டாம் பாகத்துல கெணறு சொன்ன ஜோசியம் இடிக்குதே. ரெண்டு கையால கதவு தொறப்பாருன்னுதான வருது?" என்றார் கேஷியர்.

"அது தளபதிய பத்தின ஜோசியமே இல்ல. ராணியோட தம்பிய பத்தினது."

"அத எப்ப சொன்னாங்க?"

டீ ஆறிப் போனது. எதிரே மாடியில் ஒரு மனுஷன் இழுத்துக்கொண்டு கிடக்கிறான், இங்கே இரண்டு பேர் இல்லாத கதைக்குக் கிணற்று ஜோசியம் பொருந்துகிறதா என்று பார்க்கிறார்கள். இந்த லட்சணத்தில் நானும் மூன்று நிமிஷம் அந்த ஜோசியம் யாரைப் பற்றியது என்று பேசிவிட்டுத்தான் கத்தினேன். பொய்க்கு எதுக்குய்யா லாஜிக் என்று நான் போட்ட சத்தத்தில் டீ மாஸ்டர் திரும்பிப் பார்த்தார்.

அப்போதுதான் கேஷியர் அந்தக் குண்டைப் போட்டார். "என்ன கதை சொன்னாலும் நாங்க சொன்னா அவரு நம்ப மாட்டாரு சார். நீங்க சொல்லணும். நீங்கதான செத்துட்டாருன்னு நின்னவரு. ஒங்க வாயால தோத்துட்டேன்னு சொன்னா நம்புவாரு."

சொன்னது சரிதான். அதனாலேயே வயிறு எரிந்தது. இரண்டு வருஷமாக நாயாகப் பேயாகக் கத்தியிருக்கிறேன். ஒரே ஒரு தடவை, அச்சடித்த பக்கத்தோடு ஜெயித்திருக்கிறேன். அதைக் கொண்டுபோய் அந்த ஆளின் காலடியில் போட்டுவிட்டு வர வேண்டுமாம். மனசு கேட்கவில்லை. அவர் பிழைக்க வேண்டும் என்றும் இருந்தது, இதைச் சொல்லாமல் பிழைத்துவிடக் கூடாதா என்றும் இருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

மாடியில் மச்சான் பச்சைச் சட்டையில் சுருண்டு படுத்திருந்தார். ஒரே நாளில் ஆள் பாதியாகியிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத்தான் நீட்டினார்.

"புத்தகம் எங்க மச்சான்?"

"வீட்டுல இருக்கு. நான் படிச்சிட்டேன்."

"சொல்லு."

"இருக்காரு," என்றேன். "நீ சொன்னதுதான். படகோட்டிதான் தளபதி. மூஞ்சியில கட்டுன துணிய அவுக்கறாரு."

"எந்தப் பக்கம்?"

"நாப்பத்தி ஒன்னு." வாயில் வேறு நம்பரே வரவில்லை.

"அப்ப நீ சொன்னது?"

"தப்பு. நான் தோத்துட்டேன்."

மச்சான் என் மூஞ்சியையே பார்த்தார். ஜன்னலோரம் அவர் வீட்டம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். "இன்னொரு தடவ சொல்லு," என்றார் மச்சான்.

"தோத்துட்டேன் மச்சான்."

 மச்சான் மனைவி பக்கம் திரும்பி, "நர்ஸ கூப்புடு, பேனா கொண்டாரச் சொல்லு," என்றார். நான் கீழே இறங்கி மருந்துக் கடை ஓரம் நின்றேன். எனக்கு அழுகை வந்தது. இந்த ஆளுக்காக அழுகிறோமே என்று அதைவிட எரிச்சல் வந்தது.

ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதற்கப்புறம்தான் எனக்குச் சனி பிடித்தது. வாய் பேச வந்த மூன்றாம் நாளே போன். "என்ன மச்சான், தளபதி எப்டி இருக்காரு?" தினமும் இதே. கடைப் பையனிடம் சொல்லியிருக்கிறார், பிசியோதெரபி சொல்லிக் கொடுக்க வந்த பெண்ணிடம் சொல்லியிருக்கிறார், பார்க்க வந்த சம்பந்தியிடமும் நான் எப்படித் தோற்றேன் என்று விளக்கியிருக்கிறார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஆமாம் ஆமாம் என்பேன். அவருடைய பிரதியைப் பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டியிருந்தேன். ஒரு தடவைகூட அவர் அதைக் கேட்கவில்லை. கண் வலிக்கும், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று மாசம் கழித்து மறுபடி கடைக்குப் போக ரயிலில் ஏறினார். இளைத்திருந்தார், வாய் மட்டும் இளைக்கவில்லை. அன்றைக்கு என் பையில் புத்தகம் இருந்தது. இனி எத்தனை நாள் மறைப்பது, அவர் கேட்டால் கொடுத்துவிட்டுத் திட்டு வாங்கிக்கொள்வோம் என்று எடுத்து வந்திருந்தேன். வண்டி பாலத்தில் ஏறியதும் ஆரம்பித்தார்.

"எனக்கு ஒன்னுதான் புரியல மச்சான். படகோட்டி முந்தின அத்தியாயத்துலயே வர்றானே, அது எப்டி?"

"அதாம்ல ட்விஸ்ட்டு," என்றேன் பல்லிடுக்கில்.

"அத எப்டி எழுதியிருக்காரு? வெவரமா சொல்லேன். நீதான் பக்க நம்பரோட சொல்ற ஆளாச்சே. தோத்த கடுப்புல மறந்துட்டியா?"

கேஷியர் சிரித்துத் தொலைத்தார். அவ்வளவுதான், மூன்று மாசமாக மென்று முழுங்கியது எல்லாம் மேலே வந்துவிட்டது. "செத்துட்டாருய்யா ஒந் தளபதி," என்று கத்தினேன். "நாப்பத்தி ஒன்னாம் பக்கத்துல பொணமா வந்துட்டாரு. நான்தான் ஜெயிச்சேன். ரெண்டு வருஷமா நான் சொன்னதுதான் சரி."

பெட்டியில் எல்லோரும் திரும்பினார்கள். காலேஜ் அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.  நெஞ்சைப் பிளந்து தைத்த ஆளிடம் இப்படியா கத்துவது.

மச்சான் அசையவில்லை. "தெரியும்," என்றார்.

"என்ன தெரியும்?"

"செத்துட்டாருன்னு அன்னைக்கே தெரியும். நீ நெசமா தோத்திருந்தா ஒரு மாசத்துக்கு என் கண்ணுலயே பட்டிருக்க மாட்ட." சட்டை மேல் கையை வைத்துத் தையல் இருந்த இடத்தைத் தடவிக்கொண்டார். "டாக்டரு சொன்னாரு, பொண்டாட்டி அழுதா, புள்ளைங்க கால புடிச்சிதுங்க. எனக்கு ஒறைக்கல மச்சான். வாயுன்னே நெனச்சிகிட்டு தளபதிய சாக்கா சொல்லிகிட்டிருந்தேன். ரெண்டு வருஷமா ஒரு கமா விட்டுக் குடுக்காத ஆளு நீ. நீ வந்து நின்னு தோத்துட்டேன்னியா, அப்பதான் என் நெலம எனக்கே தெரிஞ்சிது. அதான் பேனா கேட்டேன்."

 பையிலிருந்து புத்தகத்தை எடுத்து அவர் மடியில் வைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நேராக நாற்பத்தொன்றாம் பக்கத்தைத் திருப்பினார். கிள்ளையில் வண்டி நின்று கிளம்பும்வரை தலை நிமிரவில்லை. பிறகு விரலைப் பக்கத்தில் வைத்து மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"மோதிரத்த வச்சிதான மச்சான் அடையாளம் சொல்றானுங்க. மோதிரத்த எந்தப் பொணத்து வெரல்ல வேணாலும் மாட்டலாம்ல?"

அன்றைக்கு நான் விட்டுக்கொடுத்தேன் என்று எழுத ஆசைதான். சிதம்பரம் ஸ்டேஷனில் இறங்கி, கேட் தாண்டி, அவர் கடைக்குத் திரும்பும் முனைவரை கத்திக்கொண்டே போனேன்.