கை எட்டும் உயரம்

மலைமேல் இருக்கும் திருப்புலி நாட்டில் ஒரு மிளகுத் தோட்டத்து ஓரமாக என் மகன் காரை நிறுத்துகிறான். உள்ளே வயசான ஒருவர் அரிவாளோடு மரம் மரமாகப் போய், செழித்து ஏறிய கொடியைத் தலைக்கு மேலே வெட்டி விடுகிறார். பங்காளிச் சண்டையில் யார் தோட்டத்தையோ அழிக்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம். முன்பின் தெரியாதவர்களோடு பேச எனக்குக் கூச்சம். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"ஏனுங்க, இது யாரு தோட்டமுங்க?"

"எந்தோட்டந்தானுங்க. ஊரான் கொடிய வெட்டறேன்னு நெனச்சுப்புட்டீங்களா?" சிரிக்கிறார். "உச்சியில காச்சா மூங்கில் ஏணி வெச்சு ஏற ஆளு வேணுமில்லீங்களா? எங்கப்பனுக்கு நாங்க ஏழு பேரு. எனக்கு ஒரே புள்ள, அவளும் கோயமுத்தூர்ல. அவளுக்கும் ஒண்ணே போதுமாம். ஊரே இப்படித்தானுங்க. கூலிக்குக் கூப்பிட்டாலும் என்னாட்டம் கெழடுங்கதான் வருது. அதான் கை எட்டற உசரத்தோட நிறுத்திப்புட்டேன்."

"வெளச்சல் கொறயுமேங்க?"

"பாதிதானுங்க வரும். அதையும் பறிக்க முடியலீன்னா நெலத்தக் குடுத்துப்போட்டு எறங்க வேண்டியதுதான். அதுக்குன்னே கார்ல வந்து காத்துக் கெடக்கறாங்க." என்னை ஏற இறங்கப் பார்க்கிறார். "நீங்க எடம் பாக்க வந்தவங்களா?"

"இல்லீங்க சாமி, கோயிலுக்கு. பையன் கூட்டியாந்தான்."

அவர் என் தோளுக்குப் பின்னால் பார்க்கிறார். நானும் திரும்புகிறேன். வேலி ஓரமாக என் மகன் ஒரே சீராக அடி வைத்து நடக்கிறான். அவன் உதடு எதையோ எண்ணிக்கொண்டிருக்கிறது.