கயிறு மாற்றிய துறப்பணம்

அந்த வருடம் புரட்டாசியில் எங்களுக்கு ஒரு துறப்பணம் தேவைப்பட்டது. பலகையில் துளை போடும் கருவியைத்தான் சொல்கிறேன். வருடத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. மாநிலங்களைப் பிரித்து எங்களைக் கேரளத்தில் சேர்த்ததற்கு அடுத்து வந்த புரட்டாசி. நாட்குறிப்பில் தமிழ் மாதத்தையும் மலையாள மாதத்தையும் அருகருகே எழுதி வைப்பவன் நான். அந்தப் பக்கங்களின் தலையில் புரட்டாசி, கன்னி என்று இரண்டும் இருக்கின்றன. கிழமைகள் மட்டும் இரண்டு மொழிக்கும் பொது.

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே ஓர் ஊரில், என் அக்கா வீட்டில் தங்கி, அங்கிருந்த தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தேன். அக்காவின் வீடு, எருமைகள், என் பள்ளிக்கூடம் எல்லாம் ஏரிக்கு இந்தப் பக்கம். பொள்ளாச்சி பஸ் போகும் ரோடு அந்தப் பக்கம். கோடையில் ஏரிக்குள் இறங்கி நடந்தால் கால் மணி நேரம். ஐப்பசியில் ஏரி நிறைந்துவிட்டால் மூன்று மைல் சுற்ற வேண்டும். அக்கா நாள்தோறும் காலை பஸ்ஸில் பொள்ளாச்சியில் ஒரு டீக்கடைக்குப் பால் அனுப்புகிறவள். போன மழையில் நான்கு நாள் பஸ்ஸைத் தவற விட்டிருந்தாள். இனி ஒரு நாள் தவறினாலும் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக டீக்கடைக்காரர் சொல்லியனுப்பியிருந்தார். அவர் சொன்னால் செய்கிற மனிதர்.

அதற்காக மச்சான், அதாவது அக்காவின் கணவர், மேற்கே கடற்கரைப் பக்கமிருந்து ஒரு பழைய தோணியை லாரியில் ஏற்றி வந்து ஏரிக்கரையில் கவிழ்த்துப் போட்டிருந்தார். ஆணி அடிக்காமல், பலகைக்குப் பலகை கயிற்றால் தைத்த தோணி. இரண்டு பலகைகள் உளுத்திருந்தன. புதுப் பலகை அறுத்து, இரண்டு விரல் இடைவெளியில் துளை போட்டு வைத்தால், தைப்பவர் ஞாயிற்றுக்கிழமை வந்து ஒரே நாளில் தைத்துக் கொடுப்பார். திங்கட்கிழமை அவருக்கு வேறு ஊர். அதை விட்டால் தீபாவளிக்கு அப்புறம்தான். எங்கள் ஊர்த் தச்சர் ஓர் அரிசி மில் கட்டும் வேலைக்குப் போயிருந்தார். எனவே துளைகளை நாங்களே போட வேண்டும். இருநூற்றுச் சொச்சம் துளைகள்.

எந்தத் துறப்பணம் வாங்குவது என்பதில் வீட்டில் இரண்டு கட்சி. தை மாதம் கிணற்று மோட்டாருக்குக் கரண்டு வந்ததிலிருந்து மச்சான் கரண்டின் அடியார். கரண்டில் சுற்றும் துறப்பணம் ஒன்று பொள்ளாச்சியில் ஓர் இரும்புக்கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதைப் பார்த்து வந்திருந்தார். மோட்டார் இருந்த கிணற்றுக்கும் ஏரிக்கரைக்கும் அரை மைல் தூரம் என்பது அவருக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. நானோ தபாலில் வரவழைத்த விலைப்பட்டியலைப் படித்து, பல்சக்கரம் வைத்த கைத் துறப்பணம் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தேன். கரண்டு வேண்டாம், வயர் வேண்டாம், கைக்கு அடக்கம், பச்சை வண்ணம். அந்தப் பக்கத்தை அக்காவுக்கு மூன்று முறை வாசித்துக் காட்டினேன்.

"எதையாவது வாங்கித் தொலைங்க. எனக்குத் தோணி மெதக்கோணும், அவ்வளவுதான்" என்றாள் அக்கா.

புரட்டாசி வியாழக்கிழமை, சந்தை நாள், மச்சானும் நானும் பஸ் ஏறினோம். கூடவே மாட்டுத் தரகர். மச்சான் தரகர் இல்லாமல் எதையும் வாங்க மாட்டார். காளை வாங்கினாலும் அவர், கிணற்று மோட்டார் வாங்கினாலும் அவர். அக்காவைப் பெண் பார்க்க வந்தபோதும் கூட வந்தவர் இவர்தான். அன்றைக்கு இவர் எதைச் சோதித்தார் என்று அக்கா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இரும்புக்கடைக்காரர் முதலில் கரண்டுத் துறப்பணத்தை எடுத்து வைத்தார். தரகர் அதைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பின்னால் தொங்கிய வயரைக் கையில் பிடித்தார்.

"இதுக்குக் கவுறு எவ்வளவு நீளமுங்க?"

"ஆறு முழம் இருக்குமுங்க."

"ஏரிக்கரைக்கு எட்டாதுங்களே."

"வயர் வாங்கி நீட்டிக்கலாம் அண்ணா" என்றார் மச்சான்.

"அரை மைலு நீட்டுனா ஊர்ல இருக்கற எருமை பூராவும் அதுலதான் கால மாட்டும். சம்சாரத்துகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுங்களா?"

மச்சான் அதற்கப்புறம் அந்தப் பெட்டிப் பக்கம் திரும்பவில்லை. அடுத்தது என் பச்சைத் துறப்பணம். கட்சி ஜெயித்துவிட்டது என்று நான் நிமிர்ந்து நின்றேன். தரகர் அதன் சக்கரத்தைச் சுற்றிக் காதோரம் வைத்துக் கேட்டார்.

"நல்லா இருக்குதுங்க வாத்தியாரே. ஆனா நிக்க வெச்சு மாடு வாங்கற பழக்கம் எனக்கில்லீங்க. பூட்டிப் பாக்கோணும்."

தோள் துண்டை உதறினார். உள்ளேயிருந்து எங்கள் தோணிப் பலகையின் துண்டு ஒன்று விழுந்தது. அதை அவர் எப்போது எடுத்து வந்தார் என்று தெரியவில்லை. நல்ல முற்றின அயினி மரம். என் துறப்பணம் பாதி வரை சமத்தாக இறங்கியது. அப்புறம் பற்கள் நழுவி, சக்கரம் மட்டும் சும்மா சுற்றியது. கடைக்காரர் மெழுகு போட்டால் சரியாகிவிடும் என்றார். தரகர் அவரைப் பார்க்கவே இல்லை. அவருக்குப் பின்னால் சுவரில் ஆணியில் தொங்கிய ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வளைந்த இரும்பு. மேலே நெஞ்சால் அழுத்த ஒரு மரக் குமிழ், நடுவே சுற்றுவதற்கு ஒரு பிடி. பிடி கைபட்டுக் கைபட்டுக் கறுத்திருந்தது. அதன் வாயில் ஓர் அலகு, அதாவது துளை போடும் இரும்பு, மாட்டியபடியே இருந்தது.

"அது விக்கறதுக்கில்லீங்க. பெட்டிக்குத் துளை போட, அலமாரி அடிக்க, கடை வேலைக்கு வெச்சிருக்கறது. எங்கப்பா காலத்துது."

"அப்ப அதுதானுங்க வேணும்" என்றார் தரகர். மச்சான் பக்கம் திரும்பி, "கழுவிப் பொட்டு வெச்சு சந்தைக்குக் கொண்டாந்த மாட்ட நான் எங்கீங்க பாக்கறன்? விக்கறவர் ஊட்டு ஏர்ல எது நிக்குதுன்னுதான் போய்ப் பாக்கறன்" என்றார்.

அயினித் துண்டில் அது வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. தரகர் தன் கையைக் கடைக்காரர் கையோடு சேர்த்துத் துண்டால் மூடினார். மாட்டு விலை அப்படித்தான் பேசுவார்கள், விரலைப் பிடித்து, வாய் திறக்காமல். இரும்புக்கடையில் அப்படி யாரும் பேசியதில்லை. கடைக்காரர் முதலில் கூச்சப்பட்டார், அப்புறம் அவருக்கே அது பிடித்துவிட்டது. துண்டை எடுத்தபோது வியாபாரம் முடிந்திருந்தது. என் பச்சைத் துறப்பணம் பெட்டிக்குள் திரும்பிப் போனது.

அடுத்து நடந்ததைத்தான் சரியாகச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் மாட்டை விற்கிறவர் அதன் கயிற்றைக் கொடுக்க மாட்டார். வாங்குகிறவர் தன் கயிற்றை மாற்றிக் கட்டி ஓட்டிப் போக வேண்டும். பழைய கயிறு விற்றவர் வீட்டிலேயே இருந்தால்தான் அந்த வீட்டு லட்சுமியும் இருப்பாள். தரகருடையது நாற்பது வருடமாக அதையே செய்து பழகிய கை. துறப்பணத்தை மச்சானிடம் கொடுக்குமுன், மாட்டுக் கயிற்றை அவிழ்ப்பதுபோல அதன் வாயைத் திருகி அலகைக் கழற்றி, கண்ணில் ஒற்றி, இரண்டு கையாலும் கடைக்காரரிடம் நீட்டினார். "லட்சுமி உங்ககிட்டயே இருக்கட்டுங்க." கடைக்காரரும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

மச்சான் பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எல்லாவற்றையும் பார்த்தேன். அலகில்லாத துறப்பணம் எதற்கும் உதவாது என்பது விலைப்பட்டியல் படித்த எனக்குத் தெரியாதா? ஆனால் பச்சைத் துறப்பணம் திரும்பிப் போன வயிற்றெரிச்சல். நாளைக்குக் காலையில் மச்சான் ஏரிக்கரையில் வெறும் பிடியைச் சுற்றுவார் என்று நினைத்ததும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வெள்ளிக்கிழமை காலை அவர் அப்படியே சுற்றினார். குமிழை நெஞ்சில் வைத்து, மூச்சைப் பிடித்து, பலகையில் ஒரு சிறு வட்டம் தேயும் வரை சுற்றினார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். நேரில் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புக்குப் பெருக்கல் நடத்திக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே அக்கா வந்து நின்றாள். கையில் என் நாட்குறிப்பு.

"நேத்து எழுதுனத நீயே படிச்சுக் காட்டு."

"வகுப்பு நடக்குதுக்கா."

"அவங்களும் கேக்கட்டும்."

படித்தேன். 'தரகர் அலகைக் கழற்றிக் கடைக்காரரிடம் கொடுத்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. நாளை வேடிக்கை.' நாலாம் வகுப்பு முழுவதும் மூச்சு விடாமல் கேட்டது. தலைமை ஆசிரியரும் அடுத்த அறைக் கதவருகே வந்து நின்றார்.

"வேடிக்கை உன்ற மச்சானுக்கு. பால் யாருது?" என்றாள் அக்கா. குரல் உயரவில்லை. "கொல்லன் புது அலகு அடிச்சுத் தர நாலு நாள் ஆகுமாம். ஞாயித்துக்கிழமை தைக்கறவரு வந்து துளையில்லாத பலகையப் பாத்துட்டுப் போனா, ஐப்பசி பூரா நான் பாலை எருமைக்கே திரும்ப ஊத்தட்டுமா?"

அதுவரை நான் அந்த வேடிக்கையில் அக்காவைச் சேர்த்துப் பார்க்கவே இல்லை. அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, துறப்பணத்தைச் சாக்குப் பையில் போட்டுக்கொண்டு, காய்ந்த ஏரிக்குள் இறங்கி ரோட்டுக்கு ஓடினேன்.

பொள்ளாச்சிக் கடையில் அலகு சாமி மாடத்தில் இருந்தது. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மேலே ஒரு செவ்வரளி.

"அது வராதுங்க" என்றார் கடைக்காரர். "நேத்து நீங்க போனதுக்கப்பறம் பொழுது சாயறதுக்குள்ள மூணு மோட்டார் வித்துதுங்க. மூணு. பச்சைத் துறப்பணம் வேணா தாறனுங்க."

வேறு அலகு கேட்டேன். கடையிலிருந்ததெல்லாம் உருண்டைத் தண்டு. இந்தத் துறப்பணத்தின் வாய்க்குச் சதுரத் தண்டுதான் பொருந்தும். அது கோயமுத்தூரிலிருந்து அடுத்த வாரம் வருமாம். மோட்டார் விற்றதற்கும் அலகுக்கும் சம்பந்தம் கிடையாது, மழைக்கு முன்னால் யாரும் மோட்டார் வாங்கத்தான் செய்வார்கள் என்று கால் மணி நேரம் பகுத்தறிவு பேசினேன். மழைக்கு முன்னால் மோட்டார் எதற்கு என்று அவர் கேட்டார்.

அப்போதுதான் தோன்றியது. "ஏனுங்க, முறைன்னா கயிறுதானுங்களே வெக்கோணும்? இரும்பை வெச்சா லட்சுமி எப்பிடிங்க தங்குவா? நேத்து கையில கயிறு இல்லாததால தரகர் இதைக் குடுத்துட்டாரு. கயிறு வந்துட்டா இதைத் திருப்பிக் குடுக்கோணும், அதுதானுங்க முறை." இதில் முதல் வரி உண்மை. மற்றதெல்லாம் அங்கேயே நின்றபடி செய்தது.

கடைக்காரர் யோசித்தார். மாடத்தைப் பார்த்தார். கயிற்றுக் கடையிலிருந்து மாடு கட்டும் புதுத் தும்புக் கயிறு ஒன்று வாங்கி வந்து நீட்டினேன். அவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"புதுக் கவுறு எப்பிடிங்க ஆகும்? உருப்படி கழுத்துல கெடந்த கவுறா இருக்கோணும்."

"உருப்படின்னா?"

அவர் என் சாக்குப் பையைக் காட்டினார்.

ஆக, துறப்பணத்தின் கழுத்தில் கயிற்றைக் கட்டினேன். கட்டினால் மட்டும் போதாதாம், நடத்திக் கொண்டுவர வேண்டுமாம். கடைவீதியின் கோடி வரை போய், கயிற்றைக் கையில் பிடித்து, துறப்பணம் பின்னால் தரையில் கடகடவென்று உருண்டு வர, வேட்டி சட்டை போட்ட வாத்தியாரான நான் பட்டப்பகலில் பொள்ளாச்சி வீதியில் நடந்தேன். வெற்றிலைக் கடையில் நின்ற ஒருவர், "ஏருக்குப் படியுதுங்களா?" என்று விசாரித்தார். என்னிடம் படிக்கும் ஒரு பெண்ணின் அப்பா வண்டியை நிறுத்தி இறங்கிக் கும்பிட்டார், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. கடை வாசலில் கயிற்றை அவிழ்த்து இரண்டு கையாலும் நீட்டினேன். கடைக்காரர் கண்ணில் ஒற்றி வாங்கி மாடத்தில் மாட்டினார். அலகைத் துடைக்காமல், குங்குமத்தோடு கொடுத்தார்.

சனிக்கிழமை விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை இருநூற்றுப் பதினேழு துளைகள். மச்சான் முதல் ஐம்பது போட்டார். மற்றதை அக்கா என் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து தட்டைப்பயறு உரித்தாள். ஒரு துளையில்கூட நழுவவில்லை என்பதைத் தரகருக்கு நியாயமாகச் சொல்ல வேண்டும். சாயங்காலம் அவரே வந்தார். துறப்பணத்தைத் தட்டிக் கொடுத்து, "நல்ல உழைப்பு" என்றார். அது எனக்கா அதற்கா என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோணியைத் தைத்து முடித்தார்கள்.

ஐப்பசி இரண்டாவது வாரம் ஏரி நிறைந்தது. முதல் நாள் காலை அக்கா இரண்டு பால் கேன்களையும் ஏற்றித் தானே துடுப்புப் போட்டாள். நான் நடுவில் உட்கார்ந்து தேங்காய்ச் சிரட்டையால் தண்ணீர் இறைத்தேன். தைத்த இடத்தில் கொஞ்சம் கசியத்தான் செய்தது. பஸ்ஸுக்குப் பத்து நிமிடம் முன்னாலேயே ரோட்டில் நின்றோம். பஸ் வரவில்லை. அரை மணி கழித்து வந்த பஸ்ஸிலிருந்து, சேற்றில் மாட்டி மீண்டு வந்ததாகச் சொல்லிக்கொண்டே கண்டக்டர் இறங்கினார். அக்கா கேன்களை ஏற்றிவிட்டு, டிரைவர் ஜன்னலுக்குப் போனாள்.

"தண்ணில வந்த நானே நேரத்துக்கு நிக்கறன். ரோட்டுல வர்ற உங்களுக்கு என்னங்க கேடு?"

டிரைவர் ஏரியைப் பார்த்தார், தோணியைப் பார்த்தார், முழங்கால் வரை நனைந்து சிரட்டையோடு நின்ற என்னைப் பார்த்தார். கியரைப் போட்டார். பால் பொள்ளாச்சிக்குப் போனது.