அக்காவுக்குப் பக்கத்து இடம்

நான் மக்கு இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வகுப்பை இரண்டு வருடம் படித்தவள் என்று தெரிந்தால் ஆட்கள் அதற்குமேல் எதையும் விசாரிக்கமாட்டார்கள். முதல் வருடமே வகுப்பில் இரண்டாம் பிள்ளையாக வந்தவள் நான். அப்படியிருந்தும் என்னை அதே வாங்கில் இருத்தி வைத்தார்கள். அக்காவுக்குக் காது கேட்காது, அதுதான் நான் செய்த குற்றம்.

அண்மையில் ஆசிரியர்களுக்கான ஒரு கருத்தரங்கில் 'உட்படுத்தற் கல்வி' பற்றி ஒருவர் விளக்கினார். குறையுள்ள பிள்ளைகளையும் மற்றப் பிள்ளைகளோடு சேர்த்து இருத்திப் படிப்பிப்பதாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த ஆசிரியை என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்த குடும்பம் எங்களுடையது. ஸ்கந்தபுரத்துக்கு அப்பால் காடு வெட்டிக் கொட்டில் போட்டோம். அப்பாவும் அம்மாவும் மிளகாய்த் தோட்டங்களில் கூலிக்குப் போனார்கள். வந்த புதிதில் அடித்த காய்ச்சல் அக்காவின் காதைக் கொண்டுபோனது. பிறகு பேச்சும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. யாழ்ப்பாணப் பக்கம் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே பள்ளிக்கூடம் இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். ஆனையிறவில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து ஆட்களை இறக்கிப் பார்க்கத் தொடங்கியிருந்த காலம். அப்பா அந்தக் கதையையே எடுக்கவிடவில்லை.

ஆனால் அம்மா சும்மா விடவில்லை. என்னை முதலாம் வகுப்பில் சேர்த்த அன்று, என்னைவிட இரண்டு வயது மூத்த அக்காவையும் கையில் பிடித்துக்கொண்டு போனார். பெரிய வாத்தியார் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"அஞ்சு வகுப்புக்கும் நானும் அந்த ரீச்சரும்தான். இவளுக்குப் பக்கத்தில இருந்து ஆர் காட்டிக் குடுக்கிறது? சின்னவள் இருப்பாளெண்டால் இவளும் வரட்டும்."

"இருப்பா சார், இருப்பா" என்றார் அம்மா. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆறு வயதுப் பிள்ளையிடம் யார் கேட்பார்கள்!

வாத்தியார் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டுதான் பேசுவார். அவர் சொன்னதை நான் திரும்பிச் சத்தமில்லாமல் வாயசைத்துச் சொல்லவேண்டும். அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். சொல்வதெழுதுதல் வந்தால் பெரும்பாடு. நான் வாயசைப்பதைக் கண்டதும், "பார்த்தெழுதுறியளோ?" என்று குட்டு விழும், இரண்டு தலைக்கும் ஒரே அளவில். அந்த ஒரு விடயத்தில் அவர் பாகுபாடு காட்டியதே இல்லை.

கணக்குக்கு மட்டும் அக்காவுக்கு நான் தேவைப்படவில்லை. அவர் பலகையில் எழுதி முடிக்குமுன் இவள் சிலேட்டில் விடை இருக்கும். "கணக்கெண்டால் இவள் புலி. அதுக்காகத்தான் வைச்சிருக்கிறன்" என்று அம்மாவிடம் சொல்வார். அம்மா அதை வீடு வீடாகச் சொல்லிப் பெருமைப்பட்டார்.

மூன்றாம் வகுப்பு முடிவில் தமிழ்ப் பாடம் போதாது என்று அக்காவை வகுப்பேற்றவில்லை. எனவே என்னையும் ஏற்றவில்லை. "ஒரு வருசந்தானேம்மா. அக்கா தனியா என்னா பண்ணுவா?" என்று அம்மா என் தலையைத் தடவினார். பள்ளிக்கூடம் என்பது ஒரே கிடுகுக் கொட்டில்; நடுவில் சுவர் கிடையாது. என்னோடு படித்தவர்கள் நாலாம் வகுப்பு வாங்கில் இருந்துகொண்டு, "மூண்டாம் வகுப்புக் கிழவி" என்று என்னைக் கூப்பிட்டார்கள். அந்த வருடம் முழுக்க அழுதேன்.

வருடக் கடைசிச் சோதனைக்குச் சில கிழமைகள் இருக்கும்போதே, அடுத்த வருடமும் இருவரும் மூன்றிலேயே இருக்கட்டும் என்று வாத்தியார் அம்மாவிடம் சொல்லிவிட்டார். அம்மா வழக்கம்போலத் தலையாட்டிவிட்டு வந்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அன்று பின்னேரம் அம்மா தண்ணீருக்குப் போனதும் அக்காவின் முன்னால் போய் நின்றேன். மூன்று விரலைக் காட்டினேன். திரும்பவும் மூன்று விரல். திரும்பவும் மூன்று. பிறகு மாட்டைக் கட்டுவதுபோல என் இரு கைகளையும் சேர்த்துப் பிடித்துக் காட்டி, அவளைச் சுட்டினேன். அவள் கன நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து மிளகாய்க்குக் காம்பு கிள்ளத் தொடங்கினாள்.

அடுத்த நாளிலிருந்து அக்காவுக்குக் கணக்குப் பிழைத்தது. பலகைக்குக் கூப்பிட்டால் எட்டும் ஏழும் இருபது என்று எழுதினாள். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். வாத்தியார் உள்ளங்கையில் அடித்தார். அவள் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு இன்னொரு பிழையை எழுதினாள். சோதனையன்று நான் மனம் பொறுக்காமல் விடையை வாயசைத்துச் சொன்னேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. இவளுக்கு என்ன எடுப்பு என்று எனக்குக் கோபம் வந்தது.

வாத்தியார் அம்மாவை எப்போதும் 'நீ' என்றுதான் பேசுவார். அக்காவை வெளியே அனுப்பிய அன்றுதான் முதல்முறையாக மரியாதை கொடுத்தார்.

"இஞ்சை பாருங்கோ அம்மா, இருந்த கணக்கும் போயிட்டுது. இனி இவளுக்கு ஏறாது. வீட்டு வேலையைப் பழக்குங்கோ."

"இன்னும் ஒரு வருசம் பாருங்க சார். கும்பிட்டுக் கேக்குறேன்."

அவர் மாட்டேன் என்று தலையாட்டினார். அம்மா வழிநெடுக அழுதுகொண்டே வந்தார். அக்கா சிலேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

தை மாதம் நான் நாலாம் வகுப்புக்குப் போனேன். எனக்குப் பக்கத்தில் வேறொரு பிள்ளை இருந்தாள். ஐயோ, அன்றைக்கு இருந்த சந்தோசம்! அக்கா அம்மாவோடு மிளகாய்த் தோட்டத்துக்குப் போனாள்.

நாலாம் வகுப்பில் நெடும்பிரித்தல் என்ற பெரிய வகுத்தல் கணக்கு எனக்கு மண்டையில் ஏறவில்லை. ஒரு சனிக்கிழமை தோட்டத்தால் வந்த அக்கா, மிளகாய்க் காந்தல் பிடித்த கையைக் கழுவிவிட்டு என் புத்தகத்தை இழுத்து எடுத்தாள். யாரும் அவளுக்கு அதைப் படிப்பித்ததில்லை. செய்து காட்டியிருந்த கணக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பயிற்சி முழுவதையும் என் சிலேட்டில் ஒவ்வொன்றாகச் செய்து தந்தாள். எல்லாம் சரி. நான் அப்படியே கொப்பியில் எழுதிக்கொண்டுபோய் வாத்தியாரிடம் 'கெட்டிக்காரி' என்று பேர் வாங்கினேன். எட்டையும் ஏழையும் கூட்டத் தெரியாதவள் இதை எப்படிச் செய்தாள் என்று எனக்கு ஒரு கேள்வியும் எழவில்லை. அக்காவுக்குப் பள்ளிக்கூடம் வரப் பஞ்சி, சரியான சோம்பேறி, அதுதான் நின்றுவிட்டாள் என்று சிநேகிதிகளிடம் சொல்லித் திரிந்தேன்.