அப்பா கேட்டு வாங்கிய பந்து

கிரிக்கெட்டில் பந்து போடுவதில் எங்கள் அப்பா ரங்கூனிலேயே பெயரெடுத்தவர். இதைச் சொல்ல எனக்கென்ன கூச்சம்? கெமண்டைன் படித்துறைப் பக்கம் அப்போது எந்தத் தமிழ் வீட்டில் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள்தான். ஆனால் பந்து போடுகிறவர்களில் யார் முதல், யார் இரண்டாவது என்று வரிசைப்படுத்தும் கணக்கை மட்டும் பாவாடை கட்டிய வயதிலேயே கற்றுக்கொண்டேன்.

முதலில் தப்பாகத்தான் கற்றேன். அந்த வருஷம் ஆட்டங்கள் முடியப்போகிற சமயத்தில், துறைமுகத்து அணிகளிலேயே அப்பாவின் எண்தான் சின்னது என்று வீட்டில் சந்தோஷமாகப் பேசிக்கொண்டார்கள். நான் அதைக் குழாயடியில் போய்ப் பெருமையாகச் சொன்னேன். "சின்ன நம்பரா? அப்ப ஒங்கப்பாதான்டி கடைசி!" என்று பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள். அழுதுகொண்டே வீடு வந்தேன். அம்மாவின் தம்பி, என் மாமா, என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார்.

"அரிசி மில்லுல பூனை வளக்கறாங்கல்ல? ஒரு எலியப் புடிக்கறதுக்குள்ள எவ்வளவு அரிசி போவுதுன்னு பாக்கணும். கம்மியாப் போனா நல்ல பூனை. ஆட்டத்துல அவுட்டாவறவன் எலி. அதுக்குள்ள அவன் எடுக்கற ரன்னுதான் அரிசி."

"அப்ப அப்பா பூனையா?"

"பெரிய பூனை. நான் ரெண்டாவது பூனை. கொஞ்சூண்டு அரிசிதான் வித்தியாசம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தக் கொஞ்சூண்டில்தான் அவர் கல்யாணமே தொங்கிக்கொண்டிருந்தது. அப்பாவுக்குத் துறைமுகப் பட்டறையில் நிரந்தர வேலை. மாமா அங்கேயே தினக்கூலி. வரிசையில் முதலாவதாக வந்தால் நிரந்தரமாக்குகிறேன் என்று பட்டறைத் துரை அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். சந்தையில் கடை வைத்திருந்தவர் மகளை மாமாவுக்குக் கேட்டிருந்தார்கள். வேலை நிரந்தரமாகட்டும், பிறகு பேசலாம் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். அந்த நாட்களில் அம்மா சாமி விளக்கின் முன்னால் நின்று யாருக்காக வேண்டிக்கொண்டாள் என்று எனக்குத் தெரியாது. கேட்டால், "ரெண்டு பேருக்குந்தான்" என்பாள்.

கடைசி ஆட்டத்துக்கு என்னையும் கூட்டிப்போனார்கள். மாமா அன்று நன்றாகப் போட்டார். அப்படியும் அப்பாவுக்கும் அவருக்கும் நடுவில் அந்தக் கொஞ்சூண்டு அரிசி நின்றுவிட்டது. எதிர் அணியில் கடைசி இரண்டு பேர்தான் பாக்கி. எடுக்க வேண்டியதோ மலை போல இருந்தது. எங்களுக்குத்தான் வெற்றி என்று எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. அதுவரை அப்பா பந்தைத் தொடவில்லை. அப்போதுதான் அவர் கேப்டனிடம் போய்க் கையை நீட்டினார்.

"நீங்க எதுக்குண்ணே? சும்மா நின்னாலே மொதலிடம் ஒங்களுக்குத்தான்."

"குடு தம்பி. கை நமநமங்குது."

முதல் பந்து எல்லைக்கு ஓடியது. இரண்டாவது, ஆட்கள் உட்கார்ந்திருந்த மரத்தடியில் வந்து விழுந்தது. மட்டையைப் பிடிக்கவே தெரியாதவன்கூட அப்பாவின் பந்தை விளாசினான். "பெருசு, பூனைக்குப் பல்லு கொட்டிப்போச்சா?" என்று யாரோ கத்தினார்கள். எங்கள் வீட்டுப் பூனைக் கதை அதற்குள் ஊரெல்லாம் பரவியிருந்தது. தூரத்தில் நின்ற மாமா, "அத்தான், போதும், விடுங்க அத்தான்!" என்று தொண்டை கட்டக் கூவினார். அவரும் சேர்ந்து கேலி செய்கிறார் என்று எனக்கு அவர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அப்பா திரும்பியே பார்க்கவில்லை. கேப்டன் வந்து பந்தை வாங்கும்வரை போட்டார். பிறகு வேறொருவர் வந்து ஆட்டத்தை முடித்துவைத்தார். வெற்றி எங்களுக்குத்தான். வரிசையில் மட்டும் மாமா முதல், அப்பா இரண்டாவது.

வீடு திரும்பும் வழியில் அப்பாவின் கையைப் பிடிக்க மாட்டேன் என்று தள்ளியே நடந்தேன். வாசலில் பக்கத்து வீட்டு பர்மாக்காரம்மா, "ஒன் வீட்டுக்காரருக்கு வயசாயிடுச்சு போலிருக்கே" என்றாள். அப்பாவை யாராவது ஒரு சொல் சொன்னால் சண்டைக்குப் போகிற அம்மா, அன்று, "ஆமாம்மா, ஆயிடுச்சு" என்று சிரித்தாள்.

விளக்கு வைத்த பிறகு மாமா வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து, அப்படியே அப்பாவின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். அப்பா பதறி, "எந்திரிடா, சட்டையெல்லாம் அழுக்காவுது" என்றார். மாமா எழுந்திருக்கவில்லை. அம்மா முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

அப்பாவைத் தோற்கடித்ததற்கு மாமா மன்னிப்புக் கேட்கிறார் என்று நினைத்தேன். நன்றாகக் கேட்கட்டும் என்றும் நினைத்துக்கொண்டேன்.