மாமாவின் சப்பாத்துச் சேறு

நம் நாட்டில் பருவம் என்றால் வெயில், மழை இரண்டுதான் என்று தமிழ்ப்பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். எங்கள் மாமாவுக்கு மட்டும் நான்கு இருந்தன. வெயில், மழை, டுரியான் பழம், காட்டுத்தீப் புகை. நான்கிலும் அவர் லேடாங் மலை ஏறுவார். அவர் ஏறுகிறார் என்பதற்காக நாங்களும் எங்கள் ஊர் பெம்பானிலிருந்து வேன் பிடித்து, மீ கோரெங் நூடுல்ஸ், கோழிப் பிரட்டல், பாய், பந்து சகிதமாக மலையடிக்குப் போவோம். அவருக்கு அது வேண்டுதல், எங்களுக்குப் பிக்னிக்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கல்யாணமாகி ஐந்து வருடமாகியும் குழந்தை இல்லை. அத்தையை அனுப்பிவிட்டு வேறு பெண் பார்க்கலாம் என்று அம்மா அத்தையின் காதுபடவே பேசத் தொடங்கியிருந்தாள். புலாவ் செபாங் ஊரில் ஒரு பெண்ணைக்கூட மனதில் வைத்திருந்தாள். அந்தச் சமயத்தில்தான் மாமா வேண்டிக்கொண்டார். பாதி மலையில் ஒரு பெரிய பாறை. அதனடியில் எஸ்டேட் ஆட்கள் எந்தக் காலத்திலோ முனீஸ்வரருக்கு நட்ட சூலம் இருக்கிறதாம். மூன்று வருடத்துக்குப் பருவம் தவறாமல், வெறும் வயிற்றோடு ஏறி, கற்பூரம் கொளுத்தி, ஒரு பிடி மண் எடுத்து வருவதாக வேண்டுதல்.

சாமி காரியம் நடக்கும்போது வேறு பேச்சு எடுக்கக் கூடாது. அம்மாவே வாயைக் கட்டிக்கொண்டாள். "மூணு வருசம் முடியட்டும்லா, அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள். எதைப் பார்ப்பது என்று ஒன்பது வயதிலேயே எனக்குத் தெரிந்திருந்தது. பெரியவர்கள் பேசுவதை ஒட்டுக்கேட்காத பிள்ளை எங்கள் வீட்டில் வளர்ந்ததில்லை. எனக்குத் தலை பின்னிவிடுவது அத்தைதான். அவளை அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில், மாமா மலையேறும் நாளெல்லாம் நானும் முனீஸ்வரரைக் கும்பிட்டேன்.

மாமாவின் பையை அத்தை தன் கையாலேயே கட்டுவாள். கற்பூரம், தீப்பெட்டி, துண்டு. வேறு யாராவது தொட்டால் தீட்டு என்பாள். காலையில் காட்டுப் பாதையில் நுழைகிறவர் மத்தியானம் முழங்கால்வரை சேறோடு இறங்கி வருவார். மழைக்காலமென்றால் அட்டைக் கதை, டுரியான் காலமென்றால் குரங்குக் கதை. புகைக் காலத்தில் எதிரே நின்ற மரமே தெரியவில்லை என்பார். பிறகு அந்த மண்ணை எல்லார் நெற்றியிலும் பூசுவார். நான் அதைத் தாளில் மடித்து வைத்திருந்து, பரீட்சை நாட்களில் பூசிக்கொண்டு போவேன்.

மூன்றாவது வருடத்து மழைக்காலம். மலையடியில் நாங்கள் பாய் விரிக்கும் இடத்தருகே அருவித் தண்ணீர் கலங்கி ஓடியது. என் ஒரு சிலிப்பரை அது இழுத்துக்கொண்டு போக, அம்மா பார்ப்பதற்குள் பிடித்துவிட வேண்டுமென்று கரையோரமாகவே ஓடினேன். கார் நிறுத்துமிடத்தைத் தாண்டி, பூட்டிக் கிடந்த ஒரு டுரியான் கடையின் பின்பக்கம் வந்துவிட்டேன்.

அங்கே மாமா உட்கார்ந்திருந்தார்.

காலிலிருந்து கழற்றிய ஒரு சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு, குழைத்த சேற்றைக் குச்சியால் எடுத்து, சுவருக்குச் சாயம் அடிப்பவர் மாதிரி நிதானமாகப் பூசிக்கொண்டிருந்தார். காலில் முழங்கால்வரை ஏற்கெனவே பூசியாகிவிட்டது. பக்கத்தில் இளஞ்சிவப்பு மூடி போட்ட டப்பா திறந்திருந்தது. அதில் மூன்று இட்லி மிச்சமிருந்தது. வெறும் வயிற்றோடு மலையேறுகிறவர் வாயில் ஒரு இட்லி இருந்தது. பூசி முடித்ததும் கடைக்குப் பின்னாலேயே ஒரு பிடி மண் எடுத்துத் தாளில் மடித்தார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிலிப்பரை மறந்தே போனேன். கணக்குப் பரீட்சைக்கு நான் நெற்றியில் பூசிக்கொண்டு போனது டுரியான் கடை மண். அதைவிட, அங்கே பாயில் உட்கார்ந்து இவருக்காகக் காத்திருக்கும் அத்தையை இந்த மனிதர் இப்படி ஏமாற்றுகிறாரே என்று நினைக்க அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை.

மத்தியானம் மாமா காட்டுப் பாதையிலிருந்துதான் இறங்கி வந்தார். எப்படிச் சுற்றி வந்தாரோ. அன்றைக்கு அட்டை மூன்று கடித்ததாம். அம்மா முந்தானையால் தலையை மூடிக்கொண்டு நெற்றியை நீட்டினாள். மண்ணைத் தொட்ட விரல் அத்தையின் நெற்றிக்குப் போனபோது எனக்குப் பொறுக்கவில்லை.

"மாமா மேல போகவே இல்லம்மா. கடைக்குப் பின்னாடி உக்காந்து சப்பாத்துல சேறு பூசிக்கிட்டு இருந்தாரு. இட்லிகூட சாப்ட்டாரு."

மாமாவின் விரல் அப்படியே நின்றது. அப்பா மீ கோரெங் தட்டைக் கீழே வைத்தார். அத்தை மாமாவைத் திட்டுவாள், அழுவாள், என்னைக் கட்டிக்கொள்வாள் என்று நான் காத்திருந்தேன். அவள் மாமாவின் பக்கம் திரும்பவே இல்லை. என்னைப் பார்த்தாள். நான் அவள் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டதுபோல் பார்த்தாள். மாமா ஏமாற்றியதைவிட அந்தப் பார்வைதான் என்னை அதிரவைத்தது. உண்மையைச் சொன்னதற்கு இப்படி யாராவது பார்ப்பார்களா?

அம்மாவின் வாய்க்கட்டு வேனிலேயே அவிழ்ந்தது. "சாமியவே ஏமாத்திட்டான். இனி என்னா வேண்டுதல்?" என்று தொடங்கியவள், வேன் பெம்பான் வருவதற்குள் புலாவ் செபாங் பெண்ணின் வயது, படிப்பு, வேலை வரை போய்விட்டாள். அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த வாரமே அவள் தன் அம்மா வீட்டுக்குப் போனாள். மூன்றாம் நாள் மாமாவும் சட்டைதுணியை எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே போய்விட்டார். பிறகு இருவரும் ஜொகூருக்குக் குடிபோனார்கள். அதன்பின் தீபாவளிக்குக்கூட எங்கள் வாசலை மிதிக்கவில்லை. என் கல்யாணத்துக்கும் வரவில்லை. என் தலையை நானே பின்னிக்கொள்ளப் பழகினேன்.

போன வருடம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா, யாரோ ஜொகூரிலிருந்து வந்து சொன்னதாக, சாதாரணமாகச் சொன்னாள். "வேண்டிக்கிட்ட மொத வருசத்துலயே ஆஸ்பத்திரில சொல்லிட்டாங்களாம்லா, அவளுக்குப் புள்ள பொறக்காதுன்னு. அதுக்கப்புறந்தான் அவன் மலை ஏறலியாம்."

பிள்ளை வராது என்று தெரிந்த பிறகும் அந்த மனிதர் வெயிலிலும் மழையிலும் புகையிலும் சப்பாத்தில் சேறு பூசிக்கொண்டு வந்தது எதற்கு என்று அம்மா கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அந்த மூன்று வருடம்தான் அத்தையை யாரும் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தோம்.

அந்த இளஞ்சிவப்பு மூடி டப்பா எனக்கு நன்றாகத் தெரிந்த டப்பா. அத்தை வீட்டில் அவள் எனக்கு முறுக்கு போட்டுத் தருவது அதில்தான். அன்றைக்கு அதில் எத்தனை இட்லி மிச்சமிருந்தது என்றுகூடப் பார்த்தேன். அதைக் கட்டிக்கொடுத்தது யார் என்று மட்டும் யோசிக்கவில்லை.